மச்சானிடம் பேசிய முப்பத்தெட்டு வார்த்தைகள்

பிரிட்ஜ் என்கிற சீட்டாட்டத்தில், எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளியிடம் சொல்வதற்கு மொத்தம் முப்பத்தெட்டு வார்த்தைகள்தான் உண்டு. 'ஒன் கிளாவர்' என்று தொடங்கி 'செவன் நோ ட்ரம்ப்' வரைக்கும் முப்பத்தைந்து. அதற்கு மேல் பாஸ், டபுள், ரீடபுள். அவ்வளவுதான். 1997 முதல் 2001 வரை என் மனைவியின் அண்ணனிடம் நான் பேசியது இந்த முப்பத்தெட்டு மட்டுமே. வேறு ஒரு வார்த்தை அவரிடம் பேசுவதில்லை என்று இருந்தேன். அவரும் அப்படியே இருந்தார்.

நாங்கள் இருவரும் அரியலூரை அடுத்த ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தோம். எனக்கு எடைமேடை. சுண்ணாம்புக்கல் லாரி உள்ளே வரும்போது ஓர் எடை, கல்லைக் கொட்டிவிட்டு வெளியே போகும்போது ஓர் எடை. பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது போதுமான வேலை. காலையில் ஷிப்டுக்குப் போகும் முன் காலனிப் பிள்ளையார் கோயிலைத் திறந்து, கூட்டி, விளக்கேற்றுவதும் நான்தான். மச்சான் எலக்ட்ரீஷியன். எனக்கு அடுத்த தெருவில் குவார்ட்டர்ஸ். கறுப்புச் சட்டைக்காரர். சாமி கிடையாது என்பதைச் சாமி கும்பிடுகிறவனைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற ஆள்.

பேச்சு நின்றது என் மகளின் காதுகுத்தில். குலதெய்வம் கோயிலில் பந்தல் போட்டு, ஆசாரி ஊசியைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மச்சான் வந்தார், கறுப்புச் சட்டையோடு. ஆனால் கோயில் எல்லைக்குள் கால் வைக்க மாட்டேன் என்று ரோட்டோரமாகவே நின்றுகொண்டார்.

"காது குத்தணும்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க மாப்ள. நான் மடியில வச்சுக்கறேன். இங்க கல்லுக்கு முன்னாடி நான் உக்கார மாட்டேன்."

"கல்லா? என் குலசாமி உங்களுக்குக் கல்லா?"

"வேற என்னவாம்? தட்டிப் பாருங்க, சத்தம் கேக்கும்."

முந்நூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கடைசியில் ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் வைத்துக் குத்தினோம். குழந்தை அழுத அழுகை ரோடு வரைக்கும் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காதீங்க" என்று அத்தனை பேர் முன்னால் நான் கத்தினேன். அவர் மிதிக்கவில்லை. என் மனைவி மட்டும் தெரு விட்டுத் தெரு போய் வந்துகொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் கல்கத்தாப் பக்கத்திலிருந்து ஒரு மேனேஜர் மாற்றலாகி வந்தார். அவருக்குப் பிரிட்ஜ் ஆடாமல் சோறு இறங்காது. ஆட நான்கு பேர் வேண்டும். அதிகாரிகளில் யாரும் அகப்படாததால், சீட்டு பிடிக்கத் தெரிந்த எட்டுத் தொழிலாளிகளைக் கிளப்பில் உட்கார வைத்துக் கற்றுக் கொடுத்தார். காசு வைத்து ஆடுவதில்லை என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் நான் போனேன். யாருக்கு யார் கூட்டாளி என்று குலுக்கிப் போட்டார். எனக்கு மச்சான் பெயர் வந்தது. மாற்றிக் கொடுங்கள் என்று நான் கேட்டேன். மாற்றிக் கொடுங்கள் என்று அவரும் கேட்டிருக்கிறார். இருவரும் கேட்டதாலேயே மேனேஜர் மாற்றவில்லை. பேசிக்கொள்ளாத இருவர்தான் பிரிட்ஜுக்கு லாயக்கு என்று தன் உடைந்த தமிழில் சொல்லிச் சிரித்தார்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. கிளாவர், டைமன், ஆட்டின், ஸ்பேடு என்று நான்கு ஜாதி; துருப்பு ஜாதியே இல்லாமல் ஆடினால் நோ ட்ரம்ப். ஆடுவதற்கு முன்னால் ஏலம் நடக்கும். இந்த ஜாதியைத் துருப்பாக வைத்து இத்தனை பிடி எடுப்போம் என்று மாறி மாறிச் சொல்லி ஏற்ற வேண்டும். கூட்டாளியின் கை தெரியாது. அவர் சொல்லும் வார்த்தையை வைத்துத்தான் அவரிடம் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். ஆஸ் நாலு பாயிண்ட், ராஜா மூன்று, ராணி இரண்டு, ஜாக்கி ஒன்று. எந்த வார்த்தைக்கு எத்தனை பாயிண்ட் என்று கூட்டாளிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஏற்பாடு முழுவதையும் எதிராளிக்கும் காட்டிவிட வேண்டும். ஒளித்து வைத்த ஏற்பாடு ஒன்று இருந்தால் அது திருட்டு. இருமினாலும் குற்றம், புருவத்தைத் தூக்கினாலும் குற்றம் என்பார் மேனேஜர்.

மற்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து ஏற்பாடு பேசினார்கள். எங்களுக்குப் பேச்சு கிடையாதே. ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, எனக்குத் தோன்றிய ஏற்பாட்டை நீல மையில் எழுதி மனைவியிடம் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் சிவப்பு மையில் பதில் வந்தது.

'முதல் வரியில் ஒரு சுழி இருக்கிறது. அதற்கு எத்தனை பாயிண்ட்?'

'அது எண்ணிக்கையில் வராது. அடுத்த வரியைப் படிக்கவும்' என்று நான் எழுதினேன்.

'ஒன் நோ ட்ரம்ப் என்றால் 15 முதல் 17. கையில் 14 வைத்துக்கொண்டு மீதி ஒன்றை ஆண்டவன் தருவான் என்று சொல்லக் கூடாது.'

'சொல்ல மாட்டேன். நான் ஸ்பேடு சொன்னால், ஆறு பாயிண்ட்டாவது இருந்தால்தான் நீங்கள் ஏற்ற வேண்டும். அதற்குக் கீழே பாஸ். வீறாப்புக்கு ஏற்றக் கூடாது.'

'ஒப்புக்கொள்கிறேன். தோற்றால் விதி என்று எழுதக் கூடாது. காரணம் எழுதவும்.'

எதிராளி ஆடும்போது அவர்களை மறிப்பதற்கும் ஏற்பாடு எழுதினோம். நான் இறக்கிய ஜாதியில் அவர் பெரிய சீட்டாகப் போட்டால் 'இதையே தொடரு' என்று அர்த்தம். சின்னதாகப் போட்டால் 'வேண்டாம், மாற்று' என்று அர்த்தம். ஒருநாள் அவர் ஒன்பது போட்டதை நான் கவனிக்காமல் ஜாதியை மாற்றிவிட்டேன். தோற்றோம். மறுநாள் நோட்டில் சிவப்பு மை ஒரு பக்கம் முழுக்க: 'ஒன்பது என்பது இரண்டைவிடப் பெரியது. இது பகுத்தறிவு.' அதன் கீழே நான், 'ஒன்பதைப் பார்த்தேன், உங்கள் முகத்தையும் பார்த்துவிட்டேன். அதனால் வந்த கோளாறு' என்று எழுதினேன்.

இந்த நோட்டைச் சுமந்து சுமந்து என் மனைவிக்கு வெறுத்துப் போனது. போகிற வழியில் படிக்கவும் செய்வாள்.

"ரெண்டு தடிமாட்டுக்கும் நான் தபால்காரியா? ஒரு தெரு தள்ளி வூடு. போயி வாய்விட்டு வைஞ்சுட்டு வாங்களேன். ஏன் மைய செலவு பண்றீங்க?"

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டீக்கடையில் பேசியவர்கள் பேசியதை மறந்தார்கள். எங்களுடையது அத்தனையும் எழுத்தில் இருந்தது. ஒருவன் தப்பை ஒருவன் விடாமல் பிடித்து எழுதியதால் ஒரே தப்பை இரண்டாவது முறை செய்ய இருவருக்கும் பயம். இரண்டு வருஷத்தில் கிளப்பில் எங்களை ஜெயிக்க ஆள் இல்லை. ஜெயித்துவிட்டு இருவரும் ஆளுக்கொரு கதவு வழியாக வெளியே போவோம்.

என்னிடம் இருந்த ஒரு பழக்கத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வம்பு முழுக்க அதிலிருந்துதான் வந்தது. எதை எடுத்தாலும் சாமி பேர் சொல்லித்தான் எடுப்பேன். பேனா எடுத்தால், சைக்கிளை எடுத்தால், சீட்டை எடுத்தால். மனசுக்குள் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உதடு அசைந்து சத்தமும் வருகிறது என்பது எனக்குத் தெரியாது.

2001-இல் அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். அதுவரை பெரம்பலூரோடு சேர்ந்திருந்த ஊர். பிரிந்ததும் இரண்டு ஊருக்கும் எல்லாவற்றிலும் போட்டி. பெரம்பலூரில் சில வக்கீல்களும் கடைக்காரர்களும் சேர்ந்து ஒரு மன்றத்தில் பிரிட்ஜ் ஆடுவார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்தார் மேனேஜர். கட்சிக்கு நான்கு பேர், இரண்டு மேசை. ஒரு மேசையில் ஆடிய அதே சீட்டுக் கைகளை அடுத்த மேசைக்குக் கொண்டுபோய் ஆட வைப்பார்கள். அதனால் நல்ல சீட்டு விழுந்தது, கெட்ட சீட்டு விழுந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே கையை வைத்துக்கொண்டு யார் ஒழுங்காகச் சொன்னார்கள் என்பதுதான் கணக்கு.

எங்கள் மேசையில் ஒரு வக்கீலும் ஓர் உரக்கடைக்காரரும். உட்காரும்போதே வக்கீல் ஆரம்பித்தார்.

"வாங்க வாங்க, தனி மாவட்டம். கலெக்டர் ஆபீசுக்குக் கூரை போட்டாச்சா, இல்ல மரத்தடியிலதான் நடக்குதா?"

"கூரை போட்டுட்டோம்ங்க. உங்க ஊர்லேருந்து மனு எடுத்துக்கிட்டு வந்தா உள்ள உக்காரலாம்" என்றேன்.

மச்சான் நோட்டை மேசைமேல் வைத்தார். வக்கீல் புரட்டிப் பார்த்தார். "என்னய்யா இது, ஏற்பாடா, ஏச்சுப் பேச்சா?" என்று உரக்கடைக்காரரிடம் காட்டிச் சிரித்தார். சிரித்தாலும் ஒவ்வொரு பக்கமாக ஒழுங்காகப் படித்தார். கோர்ட்டில் இருக்கிற ஆள்.

மாலைவரை ஆடினோம். கடைசிக் கைக்கு முன்னால் இரண்டு கட்சியும் ஏறக்குறைய சமம். கடைசியில் எனக்குப் பத்தொன்பது பாயிண்ட் விழுந்தது, ஸ்பேடில் ஐந்து சீட்டு. "ஒன் ஸ்பேடு" என்றேன். வக்கீல் பாஸ். மச்சான் "டூ ஸ்பேடு". எங்கள் ஏற்பாட்டின்படி அவரிடம் ஆறாவது இருக்க வேண்டும். தைரியமாக "ஃபோர் ஸ்பேடு" என்றேன். சொன்ன நாலோடு ஆறைக் கூட்டிப் பத்துப் பிடி எடுக்க வேண்டும். ஆட்டம் தொடங்கி, ஏலம் எடுத்தவனின் கூட்டாளி என்பதால் விதிப்படி மச்சான் தன் கையை மேசையில் விரித்தபோது எனக்கே திக்கென்றது. ஒரே ஒரு ராஜா. மூன்று பாயிண்ட். அதை வைத்துக்கொண்டு பாஸ் சொல்ல வேண்டியவர் ஏற்றியிருக்கிறார். ஆண்டவன் புண்ணியத்தில் சீட்டுகள் தோதாகப் பிரிந்திருந்தன. பத்துப் பிடி எடுத்துவிட்டேன். அடுத்த மேசையில் அதே கையில் அவர்கள் ஆட்கள் ஒன் ஸ்பேடோடு நின்றிருந்தார்கள். கோப்பை எங்களுக்கு என்று எங்கள் பையன்கள் கைதட்டினார்கள்.

வக்கீல் எழுந்திருக்கவில்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஆறு பாயிண்ட் இல்லாட்டி பாஸ்னு எழுதியிருக்கு. மூணை வச்சுக்கிட்டு எந்தத் தைரியத்துல ஏத்துனீங்க?"

மச்சான் மேசைமேல் கிடந்த சீட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"நான் சொல்றேன். உங்க மாப்ள 'முருகா'ன்னாரு, அந்தத் தைரியம்." ஸ்கோர் தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார். "காலையிலேருந்து குறிச்சுக்கிட்டே வரேன். இவரு 'முருகா'ன்னா கை நெறைய இருக்கு. 'தாயே'ன்னா ஒண்ணும் இல்ல. 'தாயே'ன்னு முனகிட்டு 'ஒன் ஆட்டின்'னு சொன்னாரு, எட்டுப் பாயிண்ட்டை வச்சுக்கிட்டு இவரு பாஸ் சொன்னாரு. அப்ப ஏத்தல, இப்ப ஏத்துறாரு. முப்பத்தெட்டு வார்த்தை பத்தாதுன்னு ரெண்டு தெய்வத்தை வேற சேத்துக்கிட்டீங்களாய்யா?"

மன்றமே சிரித்தது. எங்கள் ஆட்களிலும் இரண்டு பேர் சிரித்ததை நான் பார்த்தேன். சீட்டில் திருடினான் என்றால்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ. சாமி பேரை வைத்துத் திருடினான் என்று சொல்கிறார்கள். தினமும் கோயில் கதவைத் திறக்கிற கை இது.

"பாத்துப் பேசுங்க. சாமியக் கூப்புடறது என் வழக்கம். அது யாருக்கும் துப்பு கெடையாது."

"கோர்ட்டுல இந்த மாதிரி தெனம் பத்துப் பேரு சொல்றான்."

"கோர்ட்டு வேணாம். நாளைக்குத் திங்கக்கெழம. சிறுவாச்சூர்ல காளி நடை தொறந்திருக்கும். வாங்க. கற்பூரத்தை அடிச்சு அணைச்சு சத்தியம் பண்றேன். இந்த நோட்டுல இல்லாத ஏற்பாடு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணுகூட இல்லன்னு."

சிரிப்பு நின்றது. அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அங்கே கற்பூரம் அடிப்பதென்றால் எங்கள் பக்கத்தில் யாரும் வாய்த்துடுக்குக்குச் சொல்ல மாட்டார்கள்.

"ரெண்டு பேரும் பண்ணணும்" என்றார் வக்கீல்.

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவர் சீட்டுக்கட்டை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டே, "நான் பண்ண மாட்டேன்" என்றார்.

"கறுப்புச் சட்டைக்குச் சாமி ஏதுங்க?" என்று எவனோ சொன்னான். மறுபடியும் சிரிப்பு.

"அவரு வேணாம்" என்று நான் கத்தினேன். "ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே பண்றேன்."

சத்தியம் முடிகிற வரைக்கும் கோப்பை மன்றத்து அலமாரியிலேயே இருக்கட்டும் என்று மேனேஜர் தீர்த்து வைத்தார். பஸ்ஸில் நான் முன்னால், அவர் பின்னால்.

வீட்டில் நான் கொதித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணன் ஏன் மாட்டேன்னுச்சு?"

"அவருக்குத்தான் சாமியே கெடையாதே."

"கெடையாதுன்னா பண்றதுல அதுக்கு என்ன நட்டம்? கல்லு முன்னாடி கையத் தட்டிட்டு வந்துருக்கலாம்ல? பயப்புட வேண்டியது நீங்கதானே. அது எதுக்குப் பயப்புடுது?"

"உங்கண்ணன் வீறாப்பு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் கேக்கறேன். ஒரு தெரு தள்ளித்தான் இருக்கு. போயிக் கேட்டுட்டு வந்து அப்புறம் சத்தியம் பண்ணுங்க."

போயிருக்க வேண்டும். செருப்பைக்கூட மாட்டினேன். ஆனால் ஐந்து வருஷமாகக் கட்டிக்காத்த கோபம். நானாகப் போய் அவர் வாசலில் நின்று முதல் வார்த்தை பேசுவதா? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். சாமி என் மனைவி வாயால் வந்து கேட்டது என்பது பிற்பாடுதான் உறைத்தது.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, பெரம்பலூர் போய் இன்னொரு பஸ் மாறி, சிறுவாச்சூரில் இறங்கினேன். வக்கீலும் உரக்கடைக்காரரும் ஸ்கூட்டரில் வந்திருந்தார்கள். நல்ல கூட்டம். உள்ளே போய்த் தாயைக் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்து, கோயிலைப் பார்த்தபடி தரையில் கற்பூரத்தை ஏற்றினேன். நோட்டு இடது கையில். "இந்த நோட்டுல எழுதாத ஏற்பாடு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கெடையாது. இருந்தா எங்குடும்பம் வெளங்காம போகட்டும்" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கை சுட்டது. வக்கீல் முகம் மாறிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"சரிங்க. நான் சொன்னது தப்புன்னு மன்றத்துல சொல்லிடறேன். கோப்பைய வந்து எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு இருவரும் டீ குடிக்கப் போனார்கள்.

நான் ரோட்டுக்கு வந்தேன். மனசு லேசாக இருந்தது. பெரம்பலூரிலிருந்து வந்த பஸ் ஒன்று நின்றது. அதிலிருந்து மச்சான் இறங்கினார். அதே கறுப்புச் சட்டை. வியர்த்து, முதுகோடு ஒட்டியிருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"பண்ணிட்டீங்களா?"

காதுகுத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் கரி படிந்த உள்ளங்கையைக் காட்டினேன்.

"ச்சே! பஸ் வழியில பஞ்சராயி நின்னுருச்சு மாப்ள."

"உங்களுக்கு இங்க என்ன வேலை?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த வக்கீல் சொன்னது நெசம். நீங்க 'முருகா'ன்னா பதினெட்டுக்கு மேல. 'தாயே'ன்னா பதிமூணத் தாண்டாது. ரெண்டாவது வருஷமே எனக்குப் புடிபட்டுப்போச்சு."

"தெரிஞ்சுக்கிட்டா ஆடுனீங்க?"

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஆடுனேன்."

"சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? நமக்குள்ள பேச்சே கெடையாதே."

"நோட்டு இருந்துச்சில்ல? ஒன்பது ரெண்டவிடப் பெருசுன்னு ஒரு பக்கம் எழுதத் தெரிஞ்சுச்சில்ல?"

"எழுதியிருந்தா நீங்க சாமி பேரைச் சொல்றத நிறுத்தியிருப்பீங்க. நாம தோத்துருப்போம்."

"என் சாமி கல்லுன்னு முந்நூறு பேரு முன்னாடி சொன்ன ஆளு நீங்க. அந்தக் கல்லு பேர வச்சுத்தான் மூணு வருஷமா ஜெயிச்சீங்களா? வெக்கமா இல்ல?"

"இருக்கு. இல்லன்னா நேத்தே சத்தியம் பண்ணிட்டு கோப்பையத் தூக்கிட்டு வந்துருப்பேன். பொய் சொல்லக் கூடாதுன்னு எனக்கு ஒரு சாமி வந்து சொல்லணுமா?"

அந்த நேரத்தில் அவரை அடித்திருப்பேன். கை எழுந்தும்விட்டது. சாமி சன்னதியில் கற்பூரம் அணைத்த கை என்பதால் கீழே போட்டேன். இருபது அடி தள்ளி வக்கீல் டீ குடித்து முடித்து ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்காவிட்டால் இது எங்கள் இருவரோடு போய்விடும். கோப்பை வரும், பேர் வரும், கோயில் கதவைத் திறந்துகொண்டிருக்கலாம். உள்ளே இருக்கிறவளுக்கு மட்டும் தெரியும். என் மகள் முகம் ஞாபகம் வந்தது. குடும்பம் விளங்காமல் போகட்டும் என்று அவள் தலையை வைத்தல்லவா சொல்லியிருக்கிறேன்.

"சார், நில்லுங்க!" என்று கூப்பிட்டேன். அவர்கள் வந்ததும், "நான் பண்ணுன சத்தியம் பொய்ங்க. எனக்குத் தெரியாது, இவருக்குத் தெரிஞ்சுருக்கு" என்று சொன்னேன்.

வக்கீல் என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். "காளி முன்னாடி என்னய்யா வெளையாட்டு இது? என்னை வேற சாட்சியா நிக்க வச்சு!" அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

மச்சான் என் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கினார். டீக்கடைப் பெஞ்சில் வைத்துச் சிவப்புப் பேனாவால் எழுதினார். 'முருகா — 18க்கு மேல். தாயே — 13ஐத் தாண்டாது. இதைக் கேட்டு ஆடியவன் நான் மட்டும். மாப்பிள்ளைக்குத் தெரியாது.' கீழே கையெழுத்து.

"எடுத்துக்குங்க. நோட்டுல இல்லாத ஏற்பாடு எதுவும் இல்லன்னுதானே சத்தியம்? இப்ப இதுவும் நோட்டுல இருக்கு. சத்தியம் நெசமாயிருச்சு, போதுமா?"

"சத்தியம் பண்ணி அரை மணி நேரம் கழிச்சு எழுதுனா எப்படிய்யா செல்லும்?" என்று நான் கத்தினேன்.

"ஏன் செல்லாது? அந்தம்மாவுக்கு டைம் பார்க்கத் தெரியுமா?"

"வாய மூடுங்க! எங்க நின்னு பேசுறீங்க தெரியுமா?"

"தெரியும். ரோட்டுல நிக்கறேன்."

வக்கீல் குறுக்கே வந்து இருவரையும் விலக்கினார். கோயிலுக்கு வந்தவர்கள் பாதிப்பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள். நோட்டை அவர் வாங்கிக்கொண்டார். ஆட்டம் ரத்து, கோப்பை யாருக்கும் இல்லை, நாங்கள் இருவரும் இனி ஜோடியாக ஆடக் கூடாது என்று அந்த வாரமே மன்றத்திலிருந்து மேனேஜருக்குக் கடிதம் வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் வலித்தது.

வெள்ளிக்கிழமை மனைவியோடு மறுபடியும் சிறுவாச்சூர் போனேன். அவள் அரிசி இடித்து மாவிளக்குப் போட்டாள். நான் விழுந்து கிடந்தேன். ஒரு மண்டலம் பிள்ளையார் கோயில் கதவை நான் திறக்கவில்லை. சாவியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போனேன். எடைமேடைக்கு வரும் லாரிக்காரர்களுக்கு இது பெரிய கொண்டாட்டம். "என்ன சார், இன்னிக்கு லோடு 'முருகா'வா, 'தாயே'வா?" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார்கள். வருஷக்கணக்கில் கேட்டார்கள். எடையை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

மச்சானோடு பேச்சு தொடங்கிவிட்டது. தொடங்கிய நாள் முதல் சண்டைதான். என் வீட்டுக்கு வருவார். வந்து உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார். மறுபடியும் சேர்ந்துபோயிருந்த அரியலூர் மாவட்டம் திரும்பத் தனியாகப் பிரிந்த 2007-ஆம் வருஷத்திலும் அதே சண்டைதான்.

"மாப்ள, தெரியாம சொன்னது பொய்யாவாது. இந்தச் சின்ன விஷயம்கூட உங்க காளிக்குப் புரியாதா?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல? ரெண்டு பேருக்கும் சேர்த்துல்ல பண்ணேன்."

"என் மனசுல இருக்கறதுக்கு நீங்க யாரு சத்தியம் பண்றதுக்கு? நான் பண்ண மாட்டேன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"அப்புறம் ஏன் பண்ணீங்க?"

இப்படிக் கேட்டுவிட்டு அவர் ஜெயித்த மாதிரி காபியை எடுத்துக் குடிப்பார். அவர்மேல் இருக்கிற கோபம் எனக்குத் தீரவில்லை. காதுகுத்துக் கோபமும் தீரவில்லை, சாமி பேரை ஒட்டுக்கேட்டு ஆடிய கோபமும் தீரவில்லை. ஆனால் அவர் கேட்கிற கேள்வி சரி. மாட்டேன் என்று ஒரு மனுஷன் வாய்விட்டுச் சொன்ன பிறகு, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கக் கோபம் விடவில்லை. அவர் மனசை நானே எடுத்துக் கற்பூரத்தின்மேல் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் தாயிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் பங்குக்கு மட்டும்தான் கேட்கிறேன். அவர் பங்குக்குக் கேட்பதில்லை. வேண்டுமானால் அவர் வந்து கேட்டுக்கொள்ளட்டும்.